ஆர்டர் எடுத்த பிறகு பொருளை மாற்றினால் வாங்கியவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான். ஒருவர் முழுப் பணமும் கட்டி ஒரு ஹெட்ஃபோனை முன்பதிவு செய்திருக்கிறார். மடக்கும் கீல் உலோகத்தால் ஆனது என்று பொருள் விவரத்தில் போட்டிருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து, வந்ததும் பிரித்துப் பார்த்தால் கீல் பிளாஸ்டிக். கேட்டதற்கு, "இது மேம்படுத்தப்பட்ட வடிவமைப்பு, எடை குறைவு, உங்களுக்கு நல்லதுதான்" என்று பதில் வந்திருக்கிறது. "தயாரிப்பில் மாற்றம் வருவது சகஜம்தானே, நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா?" என்று கேட்கிறார்.

இல்லை. நீங்கள் கேட்பது நியாயம்தான். நான் பல வருடங்கள் தயாரிப்பு நிறுவனங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பக்கம் வேலை பார்த்தவன். ஒரு மாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது, யார் கையெழுத்துப் போடுகிறார்கள், எதை வெளியே சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது எந்தத் தயாரிப்பாளருக்கும் முடியாத காரியம் இல்லை. அதற்கான ஏற்பாடு தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. வாங்குபவர் பெரிய நிறுவனமாக இருந்தால் அந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது, தனி ஆளாக இருந்தால் நடப்பதில்லை. என் வருத்தம் எல்லாம் இதில்தான்.

முதலில் தயாரிப்பாளர் பக்கத்தையும் பார்த்துவிடலாம். மாற்றமே இல்லாமல் எந்தப் பொருளையும் நீண்ட நாள் தயாரிக்க முடியாது. சிப் நிறுவனம் ஒரு மாடலை நிறுத்திவிடும். சப்ளையர் தொழிற்சாலையை மூடிவிடுவார். ஒரு பசை வெயிலில் இளகுகிறது என்று புகார் வரும், வேறு பசைக்குப் போக வேண்டியிருக்கும். புதிய பாதுகாப்பு விதி வரும். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும். இவற்றில் பலவும் நியாயமான காரணங்கள்தான். சில மாற்றங்கள் பொருளை உண்மையிலேயே நல்லதாக்கும். ஆகவே "மாற்றினார்கள்" என்பதை மட்டும் வைத்து யாரையும் நேர்மையற்றவர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒழுங்காக நடக்கும் நிறுவனத்தில் எந்த மாற்றமும் தானாக நடந்துவிடாது. உலோகக் கீல் பிளாஸ்டிக்காக மாற வேண்டுமென்றால் மாற்றக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். தொழிலில் அதை என்ஜினியரிங் சேஞ்ச் நோட் என்பார்கள், பேச்சுவழக்கில் இசிஎன். பழைய பாக எண், புதிய பாக எண், மாற்றத்தின் காரணம், ஒன்றுக்கு மிச்சமாகும் செலவு, கையிருப்பில் உள்ள பழைய பாகங்களை என்ன செய்வது, எந்தத் தேதியிலிருந்து, எந்த சீரியல் எண்ணிலிருந்து புதியது போகிறது என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. புதிய பாகம் வடிவத்திலும் பொருத்தத்திலும் செயல்பாட்டிலும் பழையதுக்கு ஈடாக இருக்கிறதா என்று தனியாக ஒரு கேள்வி இருக்கும். வடிவமைப்பு, கொள்முதல், தரம், உற்பத்தி என நான்கைந்து பிரிவுகள் கையெழுத்துப் போடும். பல நிறுவனங்களின் படிவத்தில் "வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டுமா?" என்று ஒரு கட்டம்கூட உண்டு. அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று ஒருவர் டிக் போட்டால்தான் பொருள் சத்தமில்லாமல் மாறும். உங்கள் கீல் எந்தத் தேதியில் மாறியது என்பது அந்த நிறுவனத்துக்குள் யாரோ ஒருவருக்கு நிச்சயம் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மின்னணுத் துறையில் ஜெடெக் என்ற தர அமைப்பு உண்டு. சிப் தயாரிப்பவர் முக்கியமான மாற்றம் எதையும் செய்தால், மாறிய பொருளை அனுப்புவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே வாங்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் தரநிலை. என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, எப்போதிலிருந்து, என்னென்ன சோதனை செய்தோம் என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். வாங்கும் நிறுவனம் மாதிரி கேட்கலாம், ஆட்சேபம் சொல்லலாம். சிப்பின் உறையில் பூசும் பிசின் மாறினாலும், தயாரிப்பு ஒரு ஆலையிலிருந்து இன்னொரு ஆலைக்குப் போனாலும் இந்த அறிவிப்பு வரும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது அன்றாட வேலை.

இதே நிறுவனங்கள் அந்தச் சிப்பை வைத்து ஒரு பெட்டியைச் செய்து உங்களுக்கு விற்கும்போது பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "விவரக்குறிப்புகள் முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டவை." தனக்கு 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்பவர், தன்னிடம் வாங்குபவருக்கு ஒரு நாள்கூடத் தருவதில்லை. இதற்கு நியாயமான விளக்கம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

சரி, "மாறியது நல்லதுக்குத்தான்" என்கிற பதிலுக்கு வருவோம். அடிக்கடி வரும் பதில் இது. சொல்பவர்கள் பல நேரம் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2021-இல் சாம்சங் தனது 970 ஈவோ பிளஸ் என்ற எஸ்எஸ்டியின் (கணினியில் தரவைச் சேமித்து வைக்கும் டிரைவ்) உள்ளே இருந்து அதை இயக்கும் கண்ட்ரோலர் சிப்பை மாற்றியது. பெயர் அதேதான். பழைய 1 டிபி டிரைவில் சுமார் 42 ஜிபி வரை வேகமாக எழுதலாம். அதைத் தாண்டினால் வேகம் வினாடிக்கு 1,500 எம்பி அளவுக்கு இறங்கும். புதியதில் வேகமாக எழுதும் பகுதி சுமார் 115 ஜிபி ஆகக் கூடியது, ஆனால் அது நிரம்பியதும் வேகம் 800 எம்பி அளவுக்கு விழுந்தது. இதில் எது நல்ல டிரைவ்? அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பு நகர்த்துபவருக்குப் புதியது நல்லது. நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் எழுதுகிறவருக்குப் பழையதுதான் நல்லது, புதியதில் அவருக்கு வேலை முடிய அதிக நேரம் ஆகும். யாருக்கு எது நல்லது என்பதை சாம்சங் முடிவு செய்ய முடியாது. அந்த டிரைவை என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்று வாங்குபவருக்குத்தான் தெரியும்.

சாம்சங் அப்போது பாக எண்ணை மாற்றியது, பெட்டியின் தோற்றத்தையும் விவரத் தாளையும் மாற்றியது. கவனித்துப் பார்க்கிறவர் கண்டுபிடிக்க வழி இருந்தது. பெயரையே மாற்றியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும் அதே வருடம் வெளியே வந்த மற்ற சில விவகாரங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் எஸ்என்550 டிரைவின் நினைவகச் சிப்பை மாற்றியதை வெளியே இருந்தவர்கள் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். வேகப் பகுதி நிரம்பிய பிறகு எழுதும் வேகம் பழையதில் 600 எம்பிக்கு மேல் இருந்தது, புதியதில் 400-க்கும் கீழே போனது. விஷயம் வெளியே வந்ததும், வெளியிட்ட விவரக்குறிப்பைப் பாதிக்கும் மாற்றம் ஏதாவது செய்தால் இனிமேல் புதிய மாடல் எண் கொடுப்போம் என்று நிறுவனம் அறிவித்தது. நல்ல வாக்குறுதிதான். ஆனால் வேகப் பகுதி நிரம்பிய பிறகு வேகம் என்ன ஆகும் என்பது பொதுவாக விவரக்குறிப்பில் அச்சாவதே இல்லை. எதை அச்சிட்டிருந்தோமோ அதை மட்டும் காப்பாற்றுவது பாதி நேர்மை. வாங்கியவர் எதை நம்பி வாங்கினார் என்பதுதான் முழுக் கேள்வி.

உங்கள் கீலுக்கும் இது பொருந்தும். கண்ணாடி இழை கலந்த நைலான் கீல் மோசமான பொருள் கிடையாது. எடை குறைவு, துருப்பிடிக்காது, சரியாக வடிவமைத்தால் பல வருடம் உழைக்கும். தலையில் மணிக்கணக்கில் மாட்டியிருப்பவருக்குச் சில கிராம் குறைவதுகூட நிம்மதி. ஆனால் தினமும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அலைபவருக்கு விஷயம் வேறு. பிளாஸ்டிக் கீலில் ஊசி போகும் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல் விழும், ஒரு நாள் படக்கென்று உடையும். உலோகக் கீல் பெரும்பாலும் வளையும், தளரும், ஓரளவு சரிசெய்ய முடியும். நீங்கள் எந்த வகை ஆள் என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது. "உங்களுக்கு நல்லதுதான்" என்று அவர் சொல்ல முடிவது, அதற்கு முன்பு அவர் உங்களைக் கேட்டிருந்தால்தான்.

சொல்லாமல் மாற்றுவது எவ்வளவு தூரம் போய் வலிக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வகை ஹார்ட் டிஸ்க்குகள், பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்டவை. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்டுக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் மக்கள் அவற்றை வாங்குகிறார்கள். 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில், தரவு பதியும் தடங்களைக் கூரை ஓடுகள்போல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறைக்கு நிறுவனம் மாறியிருந்தது. விவரத் தாளில் அது இல்லை. அந்த முறையில் ஒரு இடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். தினசரி உபயோகத்தில் இது தெரியவே தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, மொத்தத் தரவையும் இடைவிடாமல் எழுதும்போதுதான் தெரியும். ஒரு வெளிச் சோதனையில், பழைய முறை டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த மீட்பு வேலையை எஸ்எம்ஆர் டிஸ்க் முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆனது. சிலருக்கு டிஸ்க் பாதியிலேயே வரிசையிலிருந்து கழன்றுகொண்டது.

அந்த ஒன்பது நாளை யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு டிஸ்க் போய்விட்டது, இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு என்கிற நிலை. அந்த நேரத்துக்காகவே வாங்கி வைத்த பொருள் அந்த நேரத்தில்தான் கைவிடுகிறது. மாற்றம் நடந்தது மாதங்களுக்கு முன்னால், வலித்தது மாதங்களுக்குப் பின்னால். திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். நிறுவனம் பிறகு எந்த மாடலில் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டது, பழைய முறை டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயரும் கொடுத்தது. அந்தப் பட்டியலை முதல் நாளே வெளியிட என்ன செலவாகியிருக்கும்?

இங்கே இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பொருள் நல்ல பெயர் வாங்குவது அதன் முதல் வடிவத்தால். முதலில் வந்ததைத்தான் விமர்சகர்கள் சோதிக்கிறார்கள், முதலில் வாங்கியவர்கள்தான் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். பின்னால் உள்ளே இருப்பதை மாற்றி அதே பெயரில் விற்றால், அந்தப் பாராட்டெல்லாம் யாருமே சோதிக்காத வேறொரு பொருளுக்குப் போய்ச் சேருகிறது. வாங்குபவர் பாவம், பத்து விமர்சனம் படித்து, நான்கு வீடியோ பார்த்து, தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறார். இதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

கடையில் பார்த்து எடுப்பதற்கும் முன்பதிவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, உங்கள் விஷயத்தில் அது முக்கியம். கடையில் இருப்பது எந்த வடிவமோ அதைப் பார்த்துவிட்டு எடுக்கலாம், விடலாம். முன்பதிவில் உங்கள் முடிவை எடுத்து முடித்துவிட்டீர்கள். பணம் அவர்களிடம் இருக்கிறது, பொருள் இன்னும் உருவாகவில்லை. அந்த இடைவெளியில் நடக்கும் எதையும் உங்களால் பார்க்க முடியாது. அவர்கள் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் ஆர்டருக்குப் பிறகு வரும் மாற்றத்தில் சொல்ல வேண்டிய கடமை இரட்டிப்பு என்று நினைக்கிறேன். அவர்கள் கையில் இருப்பது உங்கள் பணம், நீங்கள் கொடுத்த சம்மதம் பழைய வடிவத்துக்கு.

கார்களில் இது தெளிவாகத் தெரியும். 2020 மார்ச்சில் சீனாவில் டெஸ்லா மாடல் 3 வாங்கிய சிலர், காரோடு வந்த ஆவணத்தில், ஓட்டுநர் உதவி வசதிகளை இயக்கும் கணினி ஹார்டுவேர் 3.0 என்று இருக்க, காரில் பொருத்தியிருந்தது பழைய 2.5 என்று கண்டுபிடித்தார்கள். பெருந்தொற்றால் பாகம் வரத்து தடைப்பட்டதுதான் காரணம் என்றது நிறுவனம். காரணம் உண்மையாகவே இருக்கலாம். பாகம் வந்ததும் இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னது. ஆனால் அரசுத் துறை கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்குப் போன பிறகு வந்த விளக்கத்துக்கு, டெலிவரிக்கு முன் வந்திருக்கக்கூடிய நான்கு வரிக் கடிதத்தின் மதிப்பு கிடையாது. அதே நிறுவனம் 2021 மே மாதம் வட அமெரிக்காவில் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை எடுத்தபோது, அப்படிப்பட்ட கார் ஒதுக்கப்பட்டவர்களுக்கு டெலிவரிக்கு முன்பே தெரிவிப்போம் என்று வெளிப்படையாக அறிவித்தது. ரேடாரை எடுத்தது சரியா தவறா என்று நிறைய வாதம் நடந்தது. நடக்கட்டும். வாங்குபவர் காரைக் கையில் வாங்கும் முன் விஷயம் தெரிந்து முடிவெடுக்க வழி இருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த வருடம் சிப் பற்றாக்குறையில் கார் நிறுவனங்கள் எல்லாமே திண்டாடின. பிஎம்டபிள்யூ சில மாடல்களில் தொடுதிரை வசதியை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அமெரிக்காவில் 500 டாலர் கழித்துக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சில வண்டிகளில் இன்ஜின் தானாக நின்று கிளம்பும் வசதியை எடுத்துவிட்டு 50 டாலர் கழித்தது. 50 டாலர் போதுமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். ஆனால் என்ன இல்லை என்று சொன்னார்கள், அதற்கு ஒரு விலையும் போட்டார்கள். நெருக்கடியிலும் இது முடிகிறது என்றால் சாதாரண நாளில் ஏன் முடியாது?

சொல்லிவிட்டால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இரண்டு பழைய விஷயங்கள். 2003-இல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை அமெரிக்காவில் 250 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தியிருந்தது. மாசு விதிகளுக்காகக் கடைசி நேரத்தில் இன்ஜின் கட்டுப்பாட்டில் செய்த மாற்றத்தால் அது 238 ஆகிவிட்டது. ஓட்டுபவர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனாலும் வாங்கியவர்களிடம் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாஸ்டா முன்வந்தது. வைத்துக்கொள்பவர்களுக்கு இலவசப் பராமரிப்பும் ஒரு தொகையும் கொடுத்தது. நம்பியது கிடைக்கவில்லை என்றால் திரும்பிப் போக வழி கொடுப்பது என்பது இதுதான்.

இன்னொன்று மேக்கர்ஸ் மார்க் என்ற அமெரிக்க விஸ்கி நிறுவனம். தேவைக்கு ஏற்ற சரக்கு இல்லாததால் ஆல்கஹால் அளவை 45 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைக்கப் போவதாக 2013 பிப்ரவரியில் தன் வாடிக்கையாளர்களுக்குத் தானே எழுதித் தெரிவித்தது. கடும் எதிர்ப்பு வந்தது. ஒரு வாரம் போல ஆகியிருக்கும், முடிவைத் திரும்பப் பெற்றுப் பழைய அளவுக்கே போனார்கள். பலர் இதை நிறுவனத்தின் தடுமாற்றம் என்று சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முன்கூட்டியே சொன்னதால்தான் திருத்திக்கொள்ள நேரம் கிடைத்தது. சத்தமில்லாமல் குறைத்து, ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் சீசாவின் லேபிளைப் படித்துக் கண்டுபிடித்திருந்தால், அளவைத் திரும்ப 45 ஆக்கினாலும் நம்பிக்கை திரும்பியிருக்காது.

பொருள் வீட்டுக்கு வந்த பிறகு மென்பொருள் வழியாக மாற்றுவதும் இதே குடும்பம்தான். சோனி 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு அப்டேட் மூலம் பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளம் போடும் வசதியை நீக்கியது. அப்டேட் செய்ய மறுத்தால் இணைய விளையாட்டுச் சேவை கிடைக்காது. பின்னால் வழக்கில் சமரசத் தொகை கொடுக்க வேண்டி வந்தது. ஆப்பிள் 2017 ஜனவரி அப்டேட்டில், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைவதைத் தடுக்க வேகத்தைக் குறைத்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேகம் குறையும் என்பதை வாங்கியவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. விஷயம் வெளியே வந்து கொந்தளிப்பான பிறகு டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. போன் மெதுவானதுக்குக் காரணம் பேட்டரிதான் என்று முன்பே தெரிந்திருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றியிருக்கலாம். புதுப் போனே வாங்கிவிட்டவர்களுக்கு அந்த 29 டாலரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதுவரை பெரிய நிறுவனங்களைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு ஹெட்ஃபோன் செய்து கொடுத்தவர் சிறிய தயாரிப்பாளர் என்றால் அவருக்கு இது இன்னும் சுலபம். மொத்த ஆர்டர் சில நூறாக இருக்கும், ஒவ்வொருவரின் மின்னஞ்சலும் கையில் இருக்கும். பல சிறு தயாரிப்பாளர்கள் என்னிடம் கேட்பது, "சொன்னால் எல்லாரும் கேன்சல் செய்துவிட மாட்டார்களா?" என்றுதான். நான் பார்த்தவரை, காரணத்தோடு முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலானோர் இருக்கிறார்கள். சிலர் போவார்கள். போகிறவர்கள் அந்த மாற்றத்துக்குச் சம்மதிக்காதவர்கள். அவர்கள் பணத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எழுத வேண்டிய கடிதம் இவ்வளவுதான்: "நீங்கள் ஆர்டர் செய்தபோது கீல் அலுமினியம் என்று சொல்லியிருந்தோம். அதைச் செய்து தந்த சப்ளையர் நிறுத்திவிட்டார். மாற்று சப்ளையரிடம் அதே கீல் வர இன்னும் நான்கு மாதம் ஆகும். அதனால் கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்திருக்கிறோம். எடை குறைகிறது. மடித்து விரிக்கும் சோதனையில் இது தாங்கிய அளவு இது, பழையது தாங்கிய அளவு இது. எங்களுக்கு ஒன்றுக்கு இவ்வளவு செலவு குறைகிறது, அதை உங்களுக்கே கழித்துத் தருகிறோம். இதையே எடுத்துக்கொள்ளலாம், உலோகக் கீலுக்குக் காத்திருக்கலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். உங்கள் பதில் வந்த பிறகே அனுப்புவோம்." கடைசி வரி ரொம்ப முக்கியம். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். செலவு குறைந்ததை மறைத்துவிட்டு எடை குறைந்ததை மட்டும் சொல்வதும் வாங்குபவருக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

எல்லா மாற்றத்தையும் சொல்ல வேண்டுமா? உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதே மதிப்பில் வேறு நிறுவனத்திலிருந்து வந்தால் யாருக்கும் கடிதம் தேவையில்லை. வாங்கும்போது வாங்குபவர் கண்ணில் பட்டது எதுவானாலும், ஆயுளையோ பழுதுபார்ப்பதையோ பாதிப்பது எதுவானாலும், மற்ற கருவிகளோடு பொருந்துவதைத் தொடுவது எதுவானாலும் சொல்லியே ஆக வேண்டும். தோலில் படும் பொருள் எதுவும் மாறினால் கட்டாயம் சொல்ல வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு முலாம் மாறியது சின்ன விஷயம் இல்லை. சந்தேகமாக இருந்தால் சொல்லிவிடுவது நல்லது. தேவையில்லாமல் ஒரு கடிதம் எழுதியதால் கெட்டுப்போன தயாரிப்பாளரை நான் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாட்டுக்கு நாடு விவரம் மாறும். விவரணையைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. பிரிட்டனின் 1893 சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது, அதன் வழியில் வந்த பல நாட்டுச் சட்டங்களிலும் இருக்கிறது. "முன்னறிவிப்பின்றி மாற்றலாம்" என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் சிவில் சட்டத்தில், ஒப்புக்கொண்டதை மாற்றும் உரிமையைத் தயாரிப்பாளர் தனக்கு வைத்துக்கொள்ளும் பொது நிபந்தனை, எதிர்த்தரப்புக்கு அது ஏற்கத்தக்கதாக இருந்தால் மட்டுமே செல்லும். டிஜிட்டல் சேவைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதிமுறையில், தொடர்ந்து வழங்கும் சேவையில் செய்த மாற்றம் நுகர்வோரைச் சிறிதளவுக்கு மேல் பாதித்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஆர்டர் செய்த நாளில் பொருள் விவரம் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். உறுதிப்படுத்தல் மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட், பக்கத்தின் பழைய பிரதி, எது கிடைத்தாலும் சரி. விவரப் பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவதும் நடக்கிறது, அதனால் தாமதிக்க வேண்டாம். ஹெட்ஃபோனை அதிகம் உபயோகிக்காமல், கீலையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவையில் பதில் சொல்பவரிடம் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. மாற்றக் குறிப்பு அவர் மேசைக்கு வருவதே இல்லை, "மேம்படுத்தப்பட்டது" என்பது அவருக்குக் கொடுத்த வாசகம். உங்கள் கேள்வியைத் தரப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி இரண்டே இரண்டு. கீல் மாற்றம் எந்தத் தேதியில் முடிவானது? எந்த சீரியல் எண்ணிலிருந்து நடைமுறைக்கு வந்தது? இரண்டுக்கும் பதில் அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. முடிவான தேதி உங்கள் ஆர்டருக்கு முன்பு என்றால், இல்லாத பொருளைக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அப்போது முழுப் பணத்தையும், திருப்பி அனுப்பும் செலவையும் கேளுங்கள், இழுத்தடித்தால் நுகர்வோர் அமைப்புக்குப் போங்கள். பின்பு என்றால், ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டுவிட்டு, உலோகக் கீல் உள்ளதோ, விலைக் குறைப்போ, பணமோ, உங்களுக்கு எது சரிப்படுமோ அதைக் கேளுங்கள். தேதியைச் சொல்லி, தவறை ஒப்புக்கொண்டு, மற்றவர்களுக்கும் தாங்களே எழுதினார்கள் என்றால் அவர்களிடம் மறுபடியும் வாங்குவேன். தேதியைக் கேட்டதற்கு மறுபடியும் எடை குறைவு என்றே பதில் வந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுங்கள்.